மும்தாஜ் டீச்சரும் வீட்டுப் பள்ளி நாளும்

ஏற்காடு பஸ் நிலையத்தில் மாரமங்கலம் பஸ்ஸில் ஏறுவதற்காகப் படியில் கால் வைத்தேன். கண்டக்டர் என் தோளைத் தொட்டு நிறுத்தினார்.

"இறங்கிக்குங்க சார். இன்னிக்கு நீங்க பள்ளிக்கொடம் போக வேண்டாமுங்க."

ஏன் என்று கேட்டேன். அவர் பஸ்ஸுக்குள் ஒருமுறை பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"சலீம் பாய் ஊட்டம்மா தவறிட்டாங்க சார். விடியக்காலம் நெஞ்சு வலின்னு சேலத்துக்குக் கொண்டுட்டுப் போயிருக்காங்க. மலை இறங்கறதுக்குள்ளயே முடிஞ்சு போச்சுங்களாம்."

சலீம் பாய் வீட்டம்மா என்று அவர் சொன்னதால் யாரைச் சொல்கிறார் என்பது ஒரு கணம் எனக்குப் பிடிபடவில்லை. பஜாரில் மளிகைக் கடை வைத்திருக்கும் சலீம் பாயை எனக்குத் தெரியும். அவர் மனைவியை நான் ஒருநாளும் அப்படி நினைத்ததில்லை. எனக்கு அவர் மும்தாஜ் டீச்சர். பல ஆண்டுகளாக ஒரே பஸ்ஸில் போய், ஒரே ஏற்றத்தில் நடந்து, ஒரே கூரையின் கீழ் நின்று பாடம் சொன்னவர். அன்றும் அவர் வரட்டும் என்றுதான் நான் பஸ்ஸைச் சற்று நிறுத்தி வைக்கச் சொல்ல இருந்தேன்.

பஸ் என்னை விட்டுவிட்டுப் போனது. நான் பஜார் பக்கம் நடந்தேன்.

அவரை அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சேர்வராயன் மலையில், மாரமங்கலத்தில் பஸ்ஸை விட்டு இறங்கிக் காப்பித் தோட்டங்களுக்கு நடுவே ஏறிப் போனால் வரும் சிற்றூர் ஒன்றில், இரண்டு ஆசிரியர்கள் மட்டுமே உள்ள தொடக்கப் பள்ளி எங்களுடையது. நான் தலைமை ஆசிரியன். அவர் இடைநிலை ஆசிரியை. நான் ஓமலூர்ப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்தபோது அவர் அங்கே பழையவர். ஊரில் எந்த வீட்டுப் பிள்ளை யாருடைய பேரன் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஏற்காட்டுப் பஜாரில் பிறந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டவர். அவருடைய அத்தா, அதாவது அப்பா, சேலத்திலிருந்து வந்து இங்கே துணிக்கடை போட்டவர்.

நான் பணியில் சேர்ந்த அன்று வகுப்பறைக்குள் பனிமூட்டம் புகுந்து கரும்பலகையே தெரியவில்லை. சமவெளிக்காரனாகிய நான் அவசரமாக ஜன்னல்களைச் சாத்தப் போனேன். "சாத்தாதீங்க சார்" என்றார் அவர். "அது ஒருபக்கம் வந்து ஒருபக்கம் போயிரும். சாத்துனீங்கன்னா உள்ளயே தங்கிரும்." நான் ஜன்னலை விட்டுவிட்டேன். பனி போகும்வரை பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார். அவர் எங்கே நிற்கிறார் என்றுகூடத் தெரியவில்லை, குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது.

அவர் சாந்தமான பெண்மணி என்று எழுதினால் அவரே சிரிப்பார். சட்டென்று கோபம் வரும். கோபம் வந்தால் கண் கலங்கும், கண் கலங்கியது தெரிந்துவிட்டதே என்று இன்னும் கோபம் வரும். பாட வரவே வராது. குழந்தைப் பாடல்களை ரேடியோவில் செய்தி வாசிப்பதுபோல் வாசிப்பார். பிள்ளைகளும் அதே ராகமற்ற ராகத்தில் திருப்பிச் சொல்வார்கள். ஆண்டு விழா என்றால் பாட்டு என் பொறுப்பு. சேலைக்குக் கீழே ஓட்டக்காரர்கள் போடும் காலணி அணிந்து, கைப்பையில் அவித்த கடலையோடு அந்த ஏற்றத்தை ஏறுவார். நோன்பு மாதத்தில் கடலை இருக்காது, நடை மட்டும் மாறாது.

சின்னத் தவறுகளை ஒப்புக்கொள்ளவே மாட்டார். ஒருமுறை விடுமுறை நாள் என்று உறுதியாகச் சொல்லி என்னையும் வீட்டில் இருக்க வைக்கப் பார்த்தார். நான் நாள்காட்டியைக் காட்டினேன். "காலண்டர்ல தப்பா அச்சடிச்சிருக்காங்க சார்" என்றார், கொஞ்சமும் தயங்காமல். ஆனால் பெரிய தவறு என்று அவர் மனத்தில் பட்டுவிட்டால் அதை ஒரு நொடிகூட ஒளித்து வைக்க மாட்டார். அதற்கு ஒரு நாள் சாட்சி. அந்த நாளைப் பற்றி எழுதத்தான் இதைத் தொடங்கினேன்.

கொரோனாக் காலத்தில் பள்ளிகள் மூடப்பட்டன. செல்போனில் பாடம் நடத்தச் சொன்னார்கள். எங்கள் ஊரில் நாலைந்து வீட்டுக்கு ஒரு போன். அந்தப் போனுக்கும் கோயில் பாறைமேல் ஏறி நின்றால்தான் சிக்னல் கிடைக்கும். தொலைக்காட்சிப் பாடம் நல்ல பாடம்தான், ஆனால் மழை வந்தால் கரண்ட் போய்விடும், மழையோ நாள்தோறும் வந்தது. சில மாதங்கள் கழித்துப் பாடப் புத்தகங்களை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்க அனுமதி கிடைத்தது. இருவரும் முகக்கவசம் கட்டிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினோம்.

புத்தகம் கொடுக்கும் சாக்கில் பிள்ளைகளிடம் ஏதாவது கேட்பார் டீச்சர். போன வருடப் பாட்டு நினைவிருக்கிறதா, ஏழும் எட்டும் எத்தனை, இப்படி. பலர் திணறினார்கள். மூன்றாம் வகுப்புக் கோகிலாதான் ஒன்றுமே சொல்லவில்லை. டீச்சர் கேள்வியை மூன்று விதமாகக் கேட்டும் அவருடைய முகக்கவசத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். முன்பெல்லாம் முதல் வரிசையில் உட்கார்ந்து, கேட்டதற்குச் சுருக்கமாகவாவது பதில் சொன்ன பிள்ளை அவள். பேச்சில் சற்று மழலை மிச்சம் இருந்தது, வளர்ந்தால் சரியாகிவிடும் என்று எல்லோரும் நினைத்திருந்தோம்.

அவளுடைய அப்பா வெள்ளையன் வீட்டு வாசலில் மிளகு உலர்த்திக்கொண்டிருந்தார். மலையில் பல தலைமுறையாக விவசாயம் செய்யும் குடும்பம். கொஞ்சம் காப்பி, கொஞ்சம் மிளகு, வயிற்றுக்குக் கேழ்வரகு. எங்களை உட்காரச் சொல்லவில்லை.

"ஏனுங்க டீச்சர், இஸ்கூலுதான் மூடியாச்சில்லீங்க. பஜாருல இருந்து ஊடு ஊடா வந்துக்கிட்டு இருந்தா எங்களுக்கும் நோவு ஒட்டிக்காதுங்களா?"

"தள்ளியேதான் நிக்கறமுங்க" என்றார் டீச்சர்.

"புஸ்தகத்த அங்கயே வெச்சிட்டுப் போங்க. ஆனா ஒண்ணு சொல்லிப்புடறனுங்க. பெரியவன் படிக்கட்டும். இவளுக்குப் படிப்பு ஏறலீங்க. நொம்ப நாளாப் பாத்துட்டேன். இனி ஆட்டப் பாத்துக்கிட்டு, சின்னவனத் தூக்கி வெச்சுக்கிட்டு ஊட்டுலயே இருக்கட்டும்."

டீச்சர் அவர் காட்டிய இடத்தில் புத்தகங்களை வைத்துவிட்டுத் திரும்பினார். பஸ் நிற்கும் இடத்துக்கு வந்ததும் சொன்னார்: "எல்லாம் போயிருச்சு சார். நாம ரெண்டு வருசம் சொல்லிக் குடுத்தது அந்தப் புள்ளகிட்ட ஒண்ணுமே மிச்சமில்ல. இப்படியே உட்டா ஊர்ல பாதிப் புள்ளைங்கள ஆட்டுக்கு அனுப்பிருவாங்க."

அந்த வாரக் கடைசியில் அவர் ஒரு யோசனையோடு வந்தார். ஒரு நாள், ஒரே நாள், ஊரில் எல்லா வீடும் பள்ளிக்கூடமாக இருக்க வேண்டும். பாடப் புத்தகம் வேண்டாம், போன் வேண்டாம். காலையிலிருந்து பொழுது சாயும்வரை வீட்டில் நடக்கும் வேலைகளையே பெற்றவர்களும் பிள்ளைகளும் சேர்ந்து பாடமாகச் செய்ய வேண்டும்.

"காலைல எந்திரிச்சதும் வாசல்ல உக்காந்து கண்ண மூடிக்கிட்டு, என்னென்ன சத்தம் கேக்குதுன்னு புள்ள அம்மாகிட்டச் சொல்லணும். அப்புறம் களிக்கு எத்தன டம்ளர் தண்ணி, எத்தன டம்ளர் மாவுன்னு அளக்கணும். முத்தத்துல ஒரு குச்சி நட்டு, நெழலு எங்க இருக்குன்னு காலைல, மத்தியானம், சாயங்காலம் கல்லு வெச்சுப் பாக்கணும். அவரை வெதையக் கொட்டி நெறம் நெறமாப் பிரிக்கணும். ஊட்டுல எழுத்து இருக்கற எல்லாத்தையும், சோப்புக் கவரு, தீப்பெட்டி, அரிசிச் சாக்கு, எது கெடச்சாலும் வாசிக்கணும். சாயங்காலம் அப்பன் ஒரு கத சொல்லணும். அவங்க காட்டுக்கு எப்படி அந்தப் பேரு வந்துச்சுன்னு சொன்னாலும் போதும்."

"இதெல்லாம் பாடத்திட்டத்துல எங்கங்க டீச்சர் வருது?" என்று கேட்டேன். தலைமை ஆசிரியன் கேட்க வேண்டிய கேள்விதான் அது.

"எல்லாம் வருதுங்க சார். அளவை வருது, பின்னம் வருது, வாசிப்பு வருது. நெழலு அறிவியல்ல வருது."

"சத்தம் கேக்கறது?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "அது சும்மா, புள்ளைங்களுக்கு நல்லாருக்கும்னு" என்றார்.

ஊரை இருவரும் பிரித்துக்கொண்டு ஒவ்வொரு வீட்டிலும் சொன்னோம். பெரும்பாலான தாய்மார்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆகவே வாயால் சொல்லி, அவர்கள் வாயால் திருப்பிச் சொல்ல வைத்தார் டீச்சர். "நாங்க படிக்காதவங்க, எங்களப் போயி வாத்தியாராக்கறீங்களே" என்று ஒரு பெண் சிரித்தார். "களி கிண்டத் தெரியுமில்லீங்க? அதுலதான் பாடம்" என்றார் டீச்சர். வெள்ளையன் வீட்டில் அவர் இல்லாத நேரமாகப் பார்த்துப் போனோம். மனைவி பாப்பாத்தி எஸ்டேட் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர் நின்று கேட்டார். "பெரியவனுக்கு மட்டுங்களா?" என்றார். "ரெண்டு பேருக்குந்தான். கோகிலாவுக்குத்தான் மொதல்ல" என்றார் டீச்சர்.

எஸ்டேட் வேலை இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த நாள் வைத்தோம். நல்லவேளையாக மழை விட்டிருந்தது. முதல் பஸ்ஸில் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஊரே ஒருவித வெட்கத்தில் இருந்தது. பெரியவர்கள் பரீட்சைக்கு வந்தவர்கள்போல் நின்றார்கள். ஒரு வீட்டில் அப்பாவும் மகளும் குச்சியின் நிழலுக்கு வைத்த கல்லைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். கல்லை ஆடு தள்ளிவிட்டதா, நிழல் நகர்ந்துவிட்டதா என்பது வழக்கு. இன்னொரு வீட்டில் தன் காட்டுக்குப் புலிப்பாழி என்று ஏன் பேர் வந்தது என்ற கதையைச் சாயங்காலம்வரை வைத்திருக்க முடியாமல் காலையிலேயே சொல்லி முடித்துவிட்டார் ஒருவர். பிள்ளைகள் இரண்டாம் முறை கேட்டார்கள், அதில் புலி இன்னும் பெரிதாகியிருந்தது. டீச்சர் முகக்கவசத்துக்குள் சிரித்துக்கொண்டே நடந்தார். பல மாதங்களுக்குப் பிறகு அவரை அப்படிப் பார்த்தேன்.

அடுத்த மேட்டுக்கு ஏறும் முன்பே பாப்பாத்தி எங்களைத் தேடி இறங்கி வந்தார். முகம் சரியாக இல்லை.

"டீச்சர், கொஞ்சம் எங்க ஊட்டுக்கு வாங்க. புள்ள என்னமோ பண்றா."

"என்ன பண்றா?"

"கண்ண மூடச் சொன்னனுங்க. என்ன கேக்குது கண்ணுன்னு கேட்டா பேச மாட்டேங்கறா. பெரியவன் காக்கா, தண்ணி விழுகறது, பக்கத்து ஊட்டு இருமலு, எல்லாம் சொல்றான். இவ சும்மா உக்காந்திருக்கா. பிடிவாதம் பண்றான்னு ஒரு அடி வெச்சனுங்க. கண்ணத் தொறந்தா பேசறா டீச்சர். மூடுனா பேச மாட்டேங்கறா. பின்னால இருந்து கூப்புட்டேன். திரும்பவே இல்லீங்க."

டீச்சர் வேகமாக ஏறினார்.

வீட்டு முற்றத்தில் கோகிலா அழுத முகத்தோடு உட்கார்ந்திருந்தாள். வெள்ளையன் கையில் அரிவாளோடு கொட்டகைப் பக்கம் நின்றிருந்தார். டீச்சர் பிள்ளைக்குப் பின்புறமாகச் சுற்றிப் போய் நின்று, வகுப்பில் கூப்பிடும் குரலில் "கோகிலா" என்றார். பிள்ளை அசையவில்லை. இன்னும் உரக்கக் கூப்பிட்டார். ஒன்றுமில்லை. ஓங்கிக் கைதட்டினார். அப்போதுதான் திரும்பிப் பார்த்தாள்.

டீச்சர் முற்றத்தின் மறு கோடிக்குப் போனார். முகக்கவசத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு பிள்ளையை நேராகப் பார்த்தார். அவர் உதடுகள் அசைந்தன. குரல் வரவில்லை. பக்கத்தில் நின்ற எனக்கும் ஒன்றும் கேட்கவில்லை, பாப்பாத்திக்கும் கேட்கவில்லை.

"தொட்டில்ல தூங்கறான் டீச்சர்" என்றாள் கோகிலா.

தம்பி எங்கே என்று டீச்சர் உதட்டால் மட்டும் கேட்டிருக்கிறார்.

டீச்சர் அங்கே கிடந்த கல்லில் உட்கார்ந்துவிட்டார். புத்தகம் கொடுக்கப் போன அன்று அந்தப் பிள்ளை எங்கள் முகக்கவசங்களில் எதைத் தேடிக்கொண்டிருந்தது என்பது அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. முதல் வரிசையை ஏன் விட மாட்டாள் என்பதும், டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பி எழுதிக்கொண்டே சொன்னதெல்லாம் ஏன் அவளுக்கு வராது என்பதும்.

வெள்ளையன் அரிவாளைக் கீழே வைத்தார். "அப்ப இவ மண்டு இல்லீங்களா டீச்சர்?"

"இல்லீங்க" என்றார் அவர். "ஒதட்டப் பாத்தே மூணாங்கிளாசு வரைக்கும் வந்திருக்கா. என்னால முடியாதுங்க அது." பிறகு எழுந்து நின்று, வெள்ளையன் முகத்தைப் பார்த்துச் சொன்னார்: "தப்பு என்னோடதுங்க. ரெண்டு வருசம் என் முன்னாலயே உக்காந்திருந்தா. நான் கவனிக்கல. அவங்கம்மா ஒரே காலைல கண்டுபுடிச்சிட்டாங்க."

பாப்பாத்தி பிள்ளையைக் கட்டிக்கொண்டு அழுதார். காலையில் வைத்த அடியை நினைத்திருக்க வேண்டும். டீச்சர் அவர் அருகே போய் உட்கார்ந்தார். தள்ளி நிற்கும் பேச்செல்லாம் அன்று மறந்துபோனது.

அன்று மீதி வீடுகளுக்கு நான் மட்டும் போனேன். சாயங்காலம் திரும்பியபோது டீச்சர் இன்னும் அங்கேயே இருந்தார். கோகிலா ஒரு தீப்பெட்டியை வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். வெள்ளையன் டீ போட்டுக் கொண்டுவந்து எனக்கும் கொடுத்தார்.

சேலத்துக்குக் கூட்டிப்போவது அப்போது எளிதாக இல்லை. மலைக்குள் ஓடிய பஸ் சேலத்துக்கு இறங்கவில்லை, வண்டி கிடைக்கவில்லை, ஆஸ்பத்திரி என்றாலே எல்லோருக்கும் பயம். டீச்சருக்குச் சர்க்கரை உண்டு, அவர் போகக் கூடாது என்று மகன் பெங்களூரிலிருந்து போனில் சத்தம் போட்டானாம். சலீம் பாய்தான் அதைத் தீர்த்து வைத்தார். கடைக்குச் சரக்கு ஏற்றும் வண்டிக்கு மலை இறங்க அனுமதி இருந்தது. "போற வண்டி சும்மாதான போகுது" என்று சொல்லி, தானே ஓட்டிக்கொண்டு, பாப்பாத்தியையும் பிள்ளையையும் முன்னால் உட்கார வைத்தார். டீச்சர் பின்னால், காலி வெங்காயச் சாக்குகளின்மேல். "கொண்டை ஊசி வளைவு ஒவ்வொண்ணுலயும் நான் ஒரு பக்கத்துல இருந்து இன்னொரு பக்கத்துக்குப் போயிட்டேன் சார்" என்று பிறகு சொன்னார்.

சின்ன வயதில் காதில் சீழ் வந்து கவனிக்காமல் விட்டதால் வந்த குறை, மருந்தில் சரியாகாது, கருவி வைத்தால் நன்றாகக் கேட்கும் என்று டாக்டர் சொன்னார். கருவி கைக்கு வரப் பல மாதங்கள் ஆயின. அதற்குள் டீச்சர் எத்தனை முறை மலை இறங்கினார் என்று எனக்குத் தெரியாது. அவரும் கணக்கு வைக்கவில்லை.

கருவி வந்தபோது வெள்ளையனுக்கு மறுபடி தயக்கம். பொட்டப் பிள்ளை காதில் மெஷினை மாட்டிக்கொண்டு போனால் நாளைக்கு நாலு பேர் என்ன சொல்வார்கள் என்றார். டீச்சருக்குக் கோபம் வந்து கண் கலங்கிவிட்டது. தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி அவர் கையில் கொடுத்தார். "இத மாட்டிக்கிட்டுத்தான் நானும் கல்யாணம் பண்ணுனேன். நாலு பேரு என்ன சொன்னாங்கன்னு எங்க ஊட்டுக்காரரக் கேளுங்க." வெள்ளையன் அந்தக் கண்ணாடியை என்ன செய்வதென்று தெரியாமல் பிடித்துக்கொண்டே நின்றார். பிறகு சிரித்துவிட்டார்.

பள்ளி திறந்த முதல் நாள், கருவியோடு வந்த கோகிலா வகுப்புக்குள் காலடி வைத்த உடனே காதைப் பொத்திக்கொண்டாள். பெஞ்சு இழுபடுவதும், முப்பது வாய்கள் ஒன்றாகப் பேசுவதும், தகரக் கூரையில் மழை விழுவதும் அவளுக்குத் தாங்கவில்லை. கருவியைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டாள். வெள்ளையன் கேள்விப்பட்டு, அத்தனை பாடும் வீணா என்று கலங்கிப்போய் வந்தார். டீச்சர் அவசரப்படவில்லை. "அவ காதுக்கு எல்லாமே புதுசுங்க. கொஞ்சங் கொஞ்சமா வரட்டும்" என்றார். முதலில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்ச நேரம், மற்றவர்கள் வெளியே விளையாடும்போது, இவர் மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகப் பேசுவார். அப்படி ஒரு மத்தியானத்தில்தான் அவள் சொன்னாள்: "டீச்சர், நீங்க நடந்தா ஷூ கீச்சுக் கீச்சுன்னு கத்துது."

டீச்சர் என்னிடம் ஓடி வந்தார். "உங்களுக்குக் கேக்குதுங்களா சார்? நெசமாலுமே கத்துதுங்களா?" நடந்து காட்டினார். கத்தத்தான் செய்தது. இத்தனை நாள் நான் கவனித்ததில்லை. அடுத்த வாரம் புதுக் காலணி வாங்கினார், கோகிலாவை அழைத்து, நடந்து காட்டி, அனுமதி பெற்றுக்கொண்டார்.

அதற்குப் பிறகு வீட்டுப் பள்ளி நாள் ஆண்டுதோறும் வந்தது. பள்ளி திறந்திருந்தபோதும் வைத்தோம். தாய்மார்களே அடுத்தது எப்போது என்று கேட்கத் தொடங்கினார்கள். சத்தம் கேட்கும் பாடத்தை மட்டும் டீச்சர் எந்த ஆண்டும் விடவில்லை. ஒன்றாம் வகுப்பில் பிள்ளை சேர்ந்தால் ஒருநாள் பின்னால் போய் நின்று மெதுவாகப் பேர் சொல்லிக் கூப்பிடுவார். கண்ணையும் பார்ப்பார். அப்படி ஒரு பையனுக்குக் கண்ணாடி வந்தது. பதில் சொல்லாத பிள்ளைமேல் நான் பொறுமை இழக்கும்போதெல்லாம் அவர் சொல்வது ஒன்றுண்டு: "கேள்வி போய்ச் சேந்துச்சான்னு மொதல்ல பாருங்க சார். அப்புறம் பதில் வரலையேன்னு கவலப்படலாம்."

இதைப் பெரிதாக யாரிடமும் அவர் சொல்லிக்கொண்டதில்லை. ஒருமுறை கூட்டத்தில் அவரை வைத்துக்கொண்டே நான் சொல்லத் தொடங்கியபோது குறுக்கிட்டு, "ரெண்டு வருசம் கவனிக்கலங்கறதையும் சேத்துச் சொல்லுங்க" என்றார். மற்ற ஆசிரியர்கள் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். அவர் அதை அப்படிச் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிய பிறகு சில நாள் காலி பெஞ்சுகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். என்ன டீச்சர் என்றால், "இல்ல சார், இன்னும் யாரையாவது உட்டுட்டமான்னு பாக்கறேன்" என்பார்.

கடைசியாக நான் அவரைப் பார்த்தது புதன்கிழமை மாலை. தகரக் கூரையில் ஓட்டை விழுந்து இரண்டாம் வகுப்புப் பக்கம் ஒழுகுகிறது, பஞ்சாயத்தில் நீங்கள்தான் பேச வேண்டும் என்று பஸ் முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தார். இடது தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டார். வலியா என்றேன். "கைப்பை கனம் சார். கடல கொஞ்சம் ஜாஸ்தியாப் போட்டுட்டேன்" என்றார். பஜாரில் இறங்கி, கடையில் இருந்த கணவரைப் பார்த்து ஏதோ சொல்லிக்கொண்டே போனார்.

வியாழன் மத்தியானத்துக்குள் எங்கள் ஊர் முழுக்க ஏற்காட்டில் இருந்தது. பஸ்ஸிலும் சரக்கு வண்டியிலும் வந்தவர்கள் சலீம் பாய் கடைக்கு முன்னால் நிறைந்து நின்றார்கள். பெண்கள் உள்ளே போனார்கள். பாப்பாத்தி டீச்சரின் தலைமாட்டில் உட்கார்ந்து எழவே இல்லை. கோகிலா இப்போது ஹாஸ்டலில் தங்கி எட்டாவது படிக்கிறாள், உயரமாக வளர்ந்திருந்தாள். கூட்டத்தில் என்னைக் கண்டுபிடித்து வந்து நின்றாள். "உள்ள எல்லாரும் அழுகறாங்க சார். ஒருத்தர் பேரு சொல்லிச் சொல்லி அழுகறாங்க" என்றாள். பிறகு, "எனக்கு எல்லாம் கேக்குதுங்க சார்" என்று சொல்லிவிட்டு அழுதாள். நான் அவள் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றேன்.

பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு, அவரைக் கிடத்தியிருந்த சந்தூக்கைத் தூக்கினார்கள். பஜார்க் கடைகள் எல்லாம் சாத்தியிருந்தன. பள்ளிவாசலைத் தாண்டிச் சரிவில் இறங்கும்போது வெள்ளையன் சலீம் பாயின் பக்கத்தில் போய், "நாங்களும் ஒரு கை புடிக்கலாமுங்களா பாய்?" என்று கேட்டார். சலீம் பாய் தன் இடத்தை விட்டுக்கொடுத்தார். அதற்குப் பிறகு எங்கள் ஊர்க்காரர்கள் மாறி மாறித் தோள் கொடுத்தார்கள். நானும் கொடுத்தேன்.

அடக்கம் செய்யும் மையவாடி ஒரு சவுக்குத் தோப்பை ஒட்டி இருக்கிறது. துஆ ஓதி முடித்ததும் ஒவ்வொருவராக மூன்று பிடி மண் போட்டார்கள். வெள்ளையனும் பார்த்துப் பார்த்து அப்படியே போட்டார். கையைத் தட்டிக்கொண்டு, கூட்டம் கலையத் தொடங்கிய பிறகும் நின்றார். பிறகு, வாசலில் நிற்கும் ஒருவரிடம் விடைபெறுவதுபோல் சாதாரணக் குரலில் சொன்னார்:

"போயிட்டு வர்றமுங்க டீச்சர்."

துக்கத்துக்கு வந்த இடத்தில் அப்படிச் சொல்வதில்லை. பக்கத்தில் நின்ற ஊர்ப் பெரியவர் பதறிப்போய் அவர் கையைப் பிடித்தார். சலீம் பாய் தலையை அசைத்தார். "சொல்லட்டும், உடுங்க. அவளுக்கு அப்படிச் சொன்னாத்தான் பிடிக்கும்" என்றார்.

வெள்ளையனுக்குப் பின்னால் நின்றவர்களும் ஒவ்வொருவராக அதையே சொல்லிவிட்டு இறங்கினார்கள். கடைசியாக நான் நின்றேன். மாலைப் பனி சவுக்கு மரங்களுக்குள் வரத் தொடங்கியிருந்தது.

போய் வருகிறேன் டீச்சர்.